தடவாத, அறு

ஆச்சிக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்த வருடம், தீபாவளிக்குச் சேவலை அறுக்கிற வேலை எனக்கு வந்தது. வந்தது என்ன, நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. சென்னையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் ஊரில் வந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடலாம் என்று அம்மா சொன்னாள். "இதுக்கு எதுக்கு அவரு, நான் பண்றேன்" என்றேன். அந்தச் சமயத்தில் விலங்குகள் பற்றியும் உணவு பற்றியும் நிறைய வாசித்துக்கொண்டிருந்தேன். கறி சாப்பிடுகிறவன் ஒரு தடவையாவது தன் கையால் கொன்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது நேர்மை இல்லை என்று நண்பர்களிடம் பேசிக்கொண்டும் இருந்தேன். பேசியதைச் செய்து பார்க்க ஒரு வாய்ப்பு.

எட்டு மாதச் சேவல். திண்ணையில் ஏறி என் லேப்டாப் ஒயரைக் கொத்துகிற பழக்கம் உள்ளது. காலை ஆறு மணிக்குக் கொல்லையில் அதன் காலிரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சமையலறையில் தக்காளி நறுக்குகிற கத்தியை எடுத்தேன். கழுத்தைப் பிடித்தபோது இறகுக்கு அடியில் சூடு தெரிந்தது. அந்தச் சூட்டில் என் கை தளர்ந்துவிட்டது. மெதுவாக அறுத்தால் வலிக்காது என்று என் உடம்பு தானாக ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டது போல. கத்தி இறகில் வழுக்கியது, தோலில் மாட்டியது. சேவல் கத்தியது. நான் கையை எடுத்துவிட்டேன்.

"தடவாதல, அறு" என்றாள் ஆச்சி, திண்ணையிலிருந்து.

நான் அறுக்கவில்லை. அரைக் கழுத்து அறுந்த சேவலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆச்சி எழுந்து வந்தாள். தன் சின்னக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து குத்தவைத்து உட்கார்ந்து, சேவலின் சிறகையும் காலையும் தன் பாதத்துக்குக் கீழே வாங்கிக்கொண்டு, இடது கையால் ஒரே இழுப்பு. அவ்வளவுதான். நான் ஆரம்பித்ததற்கும் அவள் முடித்ததற்கும் இடையில் ஒரு நிமிடம் இருந்திருக்கும். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்தச் சேவல் பட்ட கூடுதல் வேதனைக்குக் காரணம் என் கொடூரம் என்று சொல்ல முடியாது. என் இரக்கம்தான் காரணம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

*

"விருந்தாளி வந்திருக்காங்க, கோழி அடிக்கணும்" என்று சொல்கிறோம். "அறுக்கிறது" என்கிறோம். ஆட்டுக்கு "உரிக்கிறது" என்கிறோம். கொல்வது என்ற சொல்லைக் கோழிக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. அது கதைகளில் வருகிற சொல், கொலைகாரர்களுக்கான சொல். நம் பேச்சுமொழி இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுற்றிப் போகிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

"இரக்கத்தோடு கொல்வது" என்று எழுதிப் பார்த்தால் இன்னும் விநோதமாக இருக்கிறது. இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் இருக்க மறுக்கின்றன. ஆனால் ஆச்சி அப்படி ஒரு காரியத்தைத்தான் ஐம்பது வருடமாகச் செய்துவந்திருக்கிறாள், அந்தப் பெயர் வைக்காமல். தோற்றுப்போன தீபாவளிக்குப் பிறகு, அவள் என்னவெல்லாம் செய்கிறாள் என்று உட்கார்ந்து கேட்டேன்.

முதல் நாள் ராத்திரியே கோழியைப் பிடித்துவிடுவாள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அசையாமல் இருக்கும். பகலில் நாலு பேர் சேர்ந்து முற்றம் முழுக்கத் துரத்திப் பிடித்தால் அது பயத்திலேயே பாதி செத்துவிடும். பிடித்ததைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்து, தண்ணீர் மட்டும் வைப்பாள், தீனி கிடையாது. இரைப்பை காலியாக இருந்தால் சுத்தம் பண்ணும்போது குடல் உடைந்து கறி வீணாகாது. விடிவதற்குள் மற்ற கோழிகள் திறந்து விடப்படுவதற்கு முன்னால் வேலை முடிந்துவிடும். கத்தியை முந்தின நாள் சாயங்காலமே கல்லில் தீட்டிவைத்துவிடுவாள். கோழிக்கு முன்னால் உட்கார்ந்து தீட்டுவது கிடையாது.

இந்தக் கடைசி விஷயம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் பாய் ஒருவரிடம் தான் கற்றது என்றாள். இஸ்லாமிய மரபில் இது தெளிவான விதி. கத்தி கூராக இருக்க வேண்டும், பிராணியின் முன்னால் தீட்டக்கூடாது, ஒன்றின் கண்ணெதிரில் இன்னொன்றை அறுக்கக்கூடாது. யூதர்களின் மரபிலும் அறுக்கிறவர் கத்தியின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பார். சின்னப் பிசிறு இருந்தாலும் அந்தக் கத்தி ஆகாது. அறுத்து முடித்தபிறகும் சோதிப்பார். பிசிறு கண்டால் அந்த இறைச்சியே சாப்பிடத் தகாதது. இதைப் படித்தபோது எனக்குத் தக்காளிக் கத்தி ஞாபகம் வந்தது.

இந்த விதிகளை எல்லாம் நாம் சடங்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். யோசித்துப் பார்த்தால், கொல்கிறவனின் மனநிலையை நம்பாத மனிதர்கள் இவற்றை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உனக்கு இரக்கம் இருக்கிறதா என்று இவை கேட்பதில்லை. கத்தியைக் காட்டு என்கின்றன.

*

கோழியின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனிகள் இருக்கின்றன. தாடைக்குச் சற்றுக் கீழே இரண்டும் ஒரே வீச்சில் அறுபட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து சீக்கிரம் நினைவு போகும். ஒன்று மட்டும் அறுபட்டாலோ, கத்தி மழுங்கி நரம்பும் தோலும் பிய்ந்தாலோ அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். சிறகடிக்க முடியாதபடி உடம்பைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். சில நாடுகளில் இதற்குத் தகரத்தில் புனல் மாதிரி ஒன்று செய்து, கோழியைத் தலைகீழாக அதற்குள் இறக்கி, தலையை மட்டும் அடியில் வெளியே எடுக்கிறார்கள். ஒரு பழைய சாக்கின் மூலையை வெட்டினால் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். ஆச்சியின் பாதமும் அதைத்தான் செய்தது.

அறுத்தபிறகு வருகிற துடிப்பைத்தான் நாம் வேதனை என்று நினைத்துப் பயப்படுகிறோம். அது பெரும்பாலும் நினைவு போனபிறகு வருகிற தசைத் துடிப்பு. 1945இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையில் தலை வெட்டப்பட்ட மைக் என்ற சேவல் பதினெட்டு மாதம் உயிரோடு இருந்தது. வெட்டு கொஞ்சம் மேலே விழுந்ததால் மூளைத்தண்டு தப்பிவிட்டது. அதைக் காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டினார்கள். உடம்பின் அசைவை மட்டும் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்பதற்கு அந்தச் சேவல் ஒரு சாட்சி. இதன் மறுபக்கமும் உண்மை: அசையாமல் இருக்கிற கோழிக்கு வலிக்கவில்லை என்றும் முடிவு கட்ட முடியாது. கோழிகள் பயத்தில் உறைந்துபோகும். சந்தையில் காலைக் கட்டிச் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிற கோழி அமைதியாக இருப்பது போலத் தெரியும். அது அமைதி இல்லை.

*

1789இல் வெளிவந்த நூல் ஒன்றின் அடிக்குறிப்பில் ஜெரமி பெந்தம் ஒரு கேள்வியைக் கேட்டார். விலங்குகளால் யோசிக்க முடியுமா, பேச முடியுமா என்பது முக்கியமில்லை, அவற்றுக்கு வேதனைப்பட முடியுமா என்பதே கேள்வி என்றார். விலங்கு உரிமை பற்றிப் பேசுகிற எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். அதே அடிக்குறிப்பின் முன்பகுதியை யாரும் அவ்வளவாகக் காட்டுவதில்லை. நாம் அவற்றைச் சாப்பிடுவதில் தவறில்லை என்கிறார் அங்கே. நம் கையில் அவற்றுக்கு நேர்கிற சாவு, இயற்கையில் நேரக்கூடிய சாவைவிட விரைவானது, அதனால் வேதனை குறைந்தது என்பது அவர் சொல்கிற காரணங்களில் ஒன்று.

நம் கையில் நேர்கிற சாவு விரைவானது. யாருடைய கையில்? ஆச்சியின் கையில் என்றால் சரி. என் கையில் அது ஒரு கீரிப்பிள்ளையின் வாயில் நேர்கிற சாவைவிட மோசமாக இருந்தது. பெந்தம் சொன்ன நியாயம் முழுவதும் ஒருவரின் கைப்பழக்கத்தில் தொங்குகிறது. அவர் ஒரு கோழியையாவது அறுத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஊரில் கோழிக்கடைக்குப் போங்கள். சாப்பாட்டுக்காகக் கொல்வதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கவில்லை, தேவையற்ற வேதனை தரக்கூடாது என்கிறது. இறைச்சிக்கூடங்களுக்கான 2001ஆம் ஆண்டு விதிகள், மற்ற விலங்குகளின் கண்ணெதிரில் அறுக்கக்கூடாது என்கின்றன. தெருமுனைக் கடையில் கூண்டுக்குப் பக்கத்திலேயே கத்தி. தராசில் நிறுத்து, கழுத்தை ஒரு கீறு கீறி, நீல டிரம்முக்குள் போடுவார்கள். டிரம்முக்குள் அது அடித்துக்கொள்கிற சத்தம் நிற்கிற வரைக்கும் நாம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நானும் நின்றிருக்கிறேன், நூறு தடவையாவது. ஏறக்குறைய நாற்பது நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் வளரும்படி உருவாக்கப்பட்ட பறவை அது. அதன் கால்களால் தன் மார்பைத் தாங்க முடியாத அளவுக்கு வேகமாக வளர்கிறது. அதன் சாவு பற்றிப் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது அதன் நாற்பது நாள்.

அந்தக் கடையில் கத்தி பிடிக்கிறவரை நான் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு கோழிக்கும் நேரம் ஒதுக்க அவரால் முடியாது. வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை என்ற வாதம் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்திலேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதைச் சம்பளம் கொடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தக் கையைத் தொடத் தயங்குகிற சமூகம் நம்முடையது. தமிழ்நாட்டில் கொல்லாமை பற்றிய பேச்சு எப்போதும் தீட்டு பற்றிய பேச்சோடு கலந்தே வருகிறது. 1950இலிருந்தே ஏட்டில் இருந்த ஆடு கோழி பலித் தடைச் சட்டத்தை 2003இல் அரசு அமல்படுத்தச் சொன்னபோது, கோயில் முன்னால் அறுப்பதற்குத்தான் தடை. கடையில் அறுப்பதற்கு இல்லை. எதிர்ப்பு எழுந்து 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அந்த ஆணையால் ஓர் ஆட்டின் வேதனைகூடக் குறைந்திருக்காது. சாமியாடி கையில் வெட்டுப்படுகிற ஆடு கடைக்காரர் கையில் வெட்டுப்பட்டிருக்கும், அவ்வளவுதான். சிலர் கண்ணில் படாமல் போயிருக்கும்.

*

கல்லூரித் தோழி ஒருத்தி, பிறப்பால் அசைவம், ஆறு வருடமாகக் கறி சாப்பிடுவதில்லை. இதையெல்லாம் போனில் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ பேசுறது எல்லாம் எப்படிக் கொல்றதுன்னுதான்டா. ஏன் கொல்லணும்னு நீ பேசவே மாட்டேங்குற" என்றாள்.

என்னிடம் வழக்கமான பதில்கள் இருந்தன. முட்டையிலிருந்து குஞ்சு பொரித்தால் கிட்டத்தட்டப் பாதி சேவலாக வரும். ஒரு முற்றத்தில் பத்துச் சேவல் இருந்தால் ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கும், பெட்டைகளை முதுகில் இறகில்லாமல் ஆக்கிவிடும். முட்டைப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கிற தொழிலில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022இலிருந்து இதைத் தடை செய்திருக்கிறது, மற்ற பல இடங்களில் இன்னும் நடக்கிறது. ஆகவே முட்டை மட்டும் சாப்பிடுகிறவரும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. எங்கள் சேவல் எட்டு மாதம் வெயிலில் மேய்ந்தது, குப்பையைக் கிளறியது, மண்ணில் புரண்டு குளித்தது. சாப்பிடுகிறவர்கள் இல்லாவிட்டால் அது பிறந்தே இருக்காது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி வாதம் பொய் என்று எனக்குத் தெரிந்தது. பிறக்காத சேவலுக்கு நான் எந்த உபகாரமும் செய்ய முடியாது. பிறந்துவிட்ட சேவலுக்கு மட்டுமே ஏதாவது செய்யவோ, எடுத்துக்கொள்ளவோ முடியும். எட்டு மாதம் நன்றாக வாழ்ந்தது என்பது, ஒன்பதாவது மாதத்தை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை தராது. சும்மா விட்டிருந்தால் அது இன்னும் நாலைந்து வருடம்கூட ஒயரைக் கொத்திக்கொண்டு இருந்திருக்கும். தோழியிடம் "நீ சொல்றது சரி" என்றேன். "அப்போ?" என்றாள். அப்போ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்கும்வரை காத்திருப்பார்கள், திரும்பத் திரும்பத் தெளிப்பார்கள். பதினைந்து வயதில் எனக்கு இது பெரிய ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும், இதில் என்ன சம்மதம்? இப்போதும் அது சம்மதம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேட்க வேண்டும் என்று ஏன் தோன்றியது? கேட்காமல் எடுக்கக்கூடாத ஒன்றை எடுக்கிறோம் என்று தெரிந்தவர்களால்தான் கேட்க முடியும். நீல டிரம்முக்குப் பக்கத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை.

*

ஆச்சி அடுத்த வருடம் ஆவணியில் இறந்துபோனாள். கோழிகள் இருந்தன. நான்தான் பார்த்துக்கொண்டேன். அறுக்கவில்லை. முட்டை எடுப்பதோடு சரி.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் தெருநாய் ஒன்று வேலிக்குள் புகுந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிப்போவதற்குள் ஆச்சி அடைவைத்துப் பொரித்த ஒரு கருப்புப் பெட்டையைக் கடித்துக் குதறிப் போட்டுவிட்டது. ஒரு பக்கச் சிறகு எலும்போடு தொங்கியது. வயிறு கிழிந்திருந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு வாங்கியது. கால்நடை மருத்துவமனை பத்து கிலோமீட்டர். கொண்டுபோனாலும் என்ன சொல்வார்கள் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அம்மா, "பாவம், அப்படியே விட்டுரு, கொஞ்ச நேரத்துல போயிரும்" என்றாள்.

கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு என்று எனக்கு இப்போது தெரியும்.

ஆச்சியின் கத்தி பரணில் இருந்தது. மாதம் ஒரு தடவை அதைத் தீட்டிவைத்துக்கொண்டிருந்தேன், ஏன் என்று தெரியாமலே. பெட்டையை ஆச்சியின் பழைய சேலைத் துண்டில் சுற்றி, கால் மடக்கி உட்கார்ந்து, சிறகு அசையாமல் பிடித்துக்கொண்டேன். கழுத்தின் சூடு கையில் தெரிந்தது. அதே சூடுதான். இந்தத் தடவை கையைத் தளர்த்தவில்லை. ஒரே இழுப்பு. துடிப்பு நிற்கிறவரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

யாரும் சாப்பிடாத, எந்தப் பண்டிகைக்கும் இல்லாத அந்தச் சாவில் "ஏன் கொல்லணும்" என்ற தோழியின் கேள்விக்குப் பதில் தெளிவாக இருந்தது. எப்படி என்பது மட்டுமே மிச்சம். அந்த "எப்படி" எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அன்றைக்கு அந்தப் பெட்டைக்கு ஏதாவது செய்ய முடிந்தது. தெரியாவிட்டால் என் இரக்கம் முற்றத்தில் நின்று அழுதுகொண்டிருந்திருக்கும். இரக்கம் என்பதை மனதில் தோன்றுகிற ஒன்றாக மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அதற்கு ஒரு கை வேண்டும், கை பழகியிருக்க வேண்டும், கத்தி தீட்டியிருக்க வேண்டும்.

இதை வைத்து, நன்றாக அறுக்கத் தெரிந்தால் சாப்பிடுவது சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு. வேதனை இல்லாமல் கொல்வது, கொல்கிற எவரும் செய்தே தீர வேண்டிய குறைந்தபட்சம். அதைச் செய்துவிட்டதால் எடுத்த உயிர் எடுக்காத உயிர் ஆகிவிடாது. "இரக்கத்தோடு அறுத்தது" என்று அட்டை ஒட்டி விற்கிற இறைச்சி இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வாங்குகிறவனின் மனதை லேசாக்குவதற்கு அந்த அட்டை. ஆச்சியின் கத்தி அவள் மனதை லேசாக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் ஒரு விஷயத்தை இதுவரை சொல்லவில்லை. ஆச்சி தான் வளர்த்த கோழியைச் சாப்பிடமாட்டாள். அறுப்பாள், மஞ்சள் தடவி வாட்டுவாள், மிளகு அரைத்துக் குழம்பு வைப்பாள், எங்களுக்குப் பரிமாறுவாள். தனக்கு ரசம் ஊற்றிக்கொள்வாள். அடுத்த வீட்டிலிருந்து குழம்பு வந்தால் சாப்பிடுவாள், தன் முற்றத்துக் கோழி மட்டும் ஆகாது. சின்ன வயதில் ஏன் என்று கேட்டிருக்கிறேன்.

"தீனி போட்ட கைல. எப்படி எறங்கும்?"

"அப்போ ஏன் ஆச்சி அறுக்க?"

"நீங்க திங்கணும்லா."

நான் இப்போது கடைக்கோழி வாங்குவதில்லை. வீட்டுக் கோழியை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, முற்றத்தில் சேவல்கள் கூடிப்போகும்போது, அறுக்கிறேன். அம்மாவும் அக்கா பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். நானும் சாப்பிடுகிறேன். முழுசாக நிறுத்திவிட வேண்டும் என்று தோழி சொல்வதற்கு எதிராக என்னிடம் நல்ல வாதம் எதுவும் இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கத்தியைத் தீட்டும்போது ஒவ்வொரு தடவையும் வயிற்றில் ஏதோ பிசைகிறது. பழகப் பழக அது போய்விடும் என்று மாமா சொல்கிறார். ஐம்பது வருடம் பழகிய ஆச்சிக்குப் போகவில்லை.